ஆயுள் தண்டனை முடிந்து கோத்தகிரிக்குத் திரும்புகிறவன்: ஒரு திரைக்கதைக் கேள்விக்குப் பதில்

கேள்வி: இருண்ட குற்றக் கதை ஒன்றைத் திரைக்கதையாக எழுதுகிறேன். நாயகன் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன். 2009-இல் பக்கத்து ஹட்டியைச் (படகர் ஊரைச்) சேர்ந்த, தேயிலையை எடை போட்டு வாங்கும் இலை ஏஜெண்ட் ஒருவரை எடைத் தகராறில் கொன்றுவிட்டு, கோவை மத்தியச் சிறையில் 14 ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறான். செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடும் அவன், கடைசியில் ஊரை மிரட்டும் மரக்கடத்தல் கும்பலை ஒழித்துவிட்டுச் சாகிறான். இது நம்பும்படி அமைய எவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்:

நான் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயுள் தண்டனைச் சிறைவாசி விடுப்பு கேட்டாலும் முன்விடுதலை கேட்டாலும், அவருடைய ஊருக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. நீலகிரியில் அப்படிப் பல ஊர்களுக்குப் போயிருக்கிறேன். உங்கள் கதையின் தொடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. முடிவை மாற்றியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கான காரணங்கள் சட்டத்திலும் இருக்கின்றன, மலையிலும் இருக்கின்றன.

கொலையிலிருந்தே தொடங்குகிறேன். எடை போடும் இடத்தில் வாய்த்தகராறு முற்றி, அந்த இடத்திலேயே, அந்த ஆத்திரத்திலேயே கையில் கிடைத்ததை எடுத்து அடித்து ஒருவர் இறந்தால், வழக்கறிஞர் அதைக் கொலைக் குற்றமாகாத மரணம் என்று வாதாடுவார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆவது பிரிவிலிருந்து 304-க்கு வழக்கு இறங்க நல்ல வாய்ப்பு உண்டு. தண்டனையும் குறையும். உங்கள் நாயகனுக்கு 302-இல் ஆயுள் தண்டனை என்றால், அவன் அங்கிருந்து போய்விட்டுத் திரும்பி வந்திருக்க வேண்டும். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஏஜெண்ட் எடையில் கழித்ததை எதிர்த்துப் பேசினான், அவமானப்பட்டான், வீட்டுக்கு நடந்தான், கவாத்துக் கத்தியை எடுத்தான், மறுபடியும் தேயிலைச் சரிவில் இறங்கி வந்தான். அந்த நடையில் அவனுக்கு யோசிக்க நேரம் இருந்தது. வழியில் யாரோ அவனிடம் பேசியிருப்பார்கள், அவனும் பதில் சொல்லியிருப்பான். பின்னால் சிறையில் அவன் நினைத்து நினைத்துப் புழுங்குவது வெட்டிய கணத்தை அல்ல, அந்த நடையைத்தான். இதைத் தெளிவாக எழுதினால் அவன் எதற்குப் பரிகாரம் தேடுகிறான் என்பதும் தெளிவாகிவிடும்.

அடுத்து, அந்த 14 ஆண்டுக் கணக்கு. ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று டீக்கடை முதல் சினிமா வரை எல்லோரும் நம்புகிறார்கள். ஆயுள் தண்டனை என்பது ஆயுள் முழுவதுக்குமான தண்டனை என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர், குறைந்தது 14 ஆண்டுகள் உள்ளே இருந்த பிறகே அரசு தண்டனைக் குறைப்பு கொடுக்க முடியும் என்பது குற்றவிசாரணை முறைச் சட்டத்தில் 1978-இல் வந்த 433-ஏ பிரிவு. 14 முடிந்த மறுநாள் கதவு தானாகத் திறந்துவிடாது. இன்னொரு வழி அரசமைப்புச் சட்டத்தின் 161-ஆவது பிரிவு. ஆளுநர் பெயரில் செயல்படும் அந்த அதிகாரத்துக்கு 14 ஆண்டுத் தடை கிடையாது. 2008-இல் அண்ணா நூற்றாண்டையொட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அரசு விடுவித்தது. 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 10 ஆண்டுகள் முடித்தவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. 2021-இல் 700 பேரின் முன்விடுதலை பற்றிய அறிவிப்பு சட்டமன்றத்தில் வந்தது.

இந்த ஆண்டுகளை உங்கள் நாயகன்மேல் வைத்துப் பாருங்கள். 2009 இறுதியில் உள்ளே போனவனுக்கு 2018 வாய்ப்பு ஒன்றரை ஆண்டுக்கு மேல் தவறிவிடுகிறது. நெசவுக்கூடத்தில் பக்கத்துத் தறியில் இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். 2021-இல் அவன் பெயர் பட்டியலில் வந்ததா, வரவில்லை என்றால் யாருடைய அறிக்கை தடுத்தது? உள்ளூர் காவல் நிலையமா, நன்னடத்தை அலுவலரா, இறந்தவரின் வீட்டாரா? அவன் ஊருக்கு வரும்போது அந்தப் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தால், உங்களுக்கு வில்லனைத் தேடி அலைய வேண்டிய வேலையே இல்லை.

"14 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக ஊரைப் பார்க்கிறான்" என்று பஸ் ஜன்னலில் ஒரு நீண்ட காட்சியை நீங்கள் வைத்திருக்கக்கூடும். அதை எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி தண்டனைச் சிறைவாசிகளுக்குச் சாதாரண விடுப்பும் அவசர கால விடுப்பும் உண்டு. மக்கள் இரண்டையும் பரோல் என்பார்கள். பெற்றோர் இறந்தால், உடன்பிறந்தவர்களுக்குத் திருமணம் என்றால், பல நேரங்களில் வழிக்காவலுடன் வந்து போவார்கள். உங்கள் நாயகனின் தாய் இடையில் இறந்திருந்தால், அவன் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் வந்து கொள்ளி வைத்துவிட்டு, விடுப்பு முடிந்ததும் மலை இறங்கியிருப்பான். அன்று யார் அவனுக்கு டீ கொடுத்தார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது எல்லோர் நினைவிலும் இருக்கும். வெளியிலிருந்து மனு போட்டுப் பார்க்க வருகிறவர்களும் முதல் சில ஆண்டுகளோடு குறைந்துவிடுவார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் காசும் செலவழித்து, கோவைக்கு இறங்கி ஏற வேண்டும் அல்லவா?

அவன் திரும்பி வர வீடு இருக்கிறதா என்பதை யோசித்தீர்களா? இதைத்தான் மலைக்கு வெளியே இருந்து எழுதுகிறவர்கள் தவறவிடுகிறார்கள். சமவெளியில் ஓலைக் குடிசையாவது அப்பன் பெயரில் இருக்கும். எஸ்டேட்டில் லைன் வீடு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. வீட்டில் ஒருவராவது பேர் பதிந்த தொழிலாளியாக இருக்கும்வரை வீடு. அப்பா ஓய்வு பெற்று, அம்மா இறந்து, மகன் சிறையில் இருந்தால் வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும். 1964-இல் ஏற்பட்ட இந்திய இலங்கை ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய குடும்பமாக இருந்தால் கதை இன்னும் கனக்கிறது. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் வனத்துறை தொடங்கிய திட்டமே பிறகு டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. அந்தக் குடும்பங்களுக்கு இலங்கையில் விட்டுவந்த லயமும் (அங்கத்திய லைன் வீடும்) சொந்தமில்லை, இங்கே கிடைத்த வீடும் சொந்தமில்லை. 2022-இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது, ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் எங்கே போவது என்ற கேள்வி மலை முழுவதும் எழுந்தது. 2023-இல் விடுதலையாகும் உங்கள் நாயகன் வந்து இறங்குவது இந்தப் பதற்றத்துக்கு நடுவில்தான். வீடு திரும்புதல் என்று நீங்கள் தலைப்பு வைத்தாலும், அவன் முதல் இரவு தங்கப்போவது யாராவது இரக்கப்பட்டு விட்ட திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோதான்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறைவாசியின் முன்விடுதலை விசாரணைக்காக, அவரால் கொல்லப்பட்டவரின் தாயாரைப் பார்க்கப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு, கோபம் என்று எதைக் கேட்பதற்கும் நான் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அவன் வெளியே வந்தால் எந்த பஸ்ஸில் போவான்?" அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ்தான். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பாங்கிக்கும் அதில்தான் போக வேண்டும். அவன் அதில் ஏறினால் தான் ஏறக்கூடாது என்று அவர் அப்போதே முடிவு செய்துகொண்டிருந்தார். என் அறிக்கைப் படிவத்தில் அந்தக் கேள்வியை எழுத இடம் இல்லை. மலையூர்களில் ஒரு சாலை, ஒரு ரேஷன் கடை, இலை போட ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலை. கொன்றவனும் கொல்லப்பட்டவனின் வீட்டாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. உங்கள் கதையின் இருட்டு முழுவதும் இங்கே இருக்கிறது. துப்பாக்கியும் கடத்தலும் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

இனி சட்டம் போட்டிருக்கும் சுருக்குக் கயிற்றுக்கு வருகிறேன். நிபந்தனையோடு தண்டனைக் குறைப்பு பெற்று வெளியே வந்தவர் நிபந்தனையை மீறினால், அரசு அந்தக் குறைப்பை ரத்து செய்யலாம். ரத்தானால் எந்தக் காவலரும் பிடியாணை இல்லாமல் அவரைக் கைது செய்து, மீதித் தண்டனையை அனுபவிக்கத் திருப்பி அனுப்பலாம். பழைய குற்றவிசாரணை முறைச் சட்டத்தில் 432(3), 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 473. ஆயுள் தண்டனையில் மீதி என்றால் மீதி வாழ்நாள். ஆகவே உங்கள் நாயகனை வீழ்த்த எதிரிக்குக் கும்பல் எதற்கு? கோத்தகிரி மார்க்கெட்டில் நாலு பேர் பார்க்க அவன் கன்னத்தில் அறைந்தால் போதும். அவன் திருப்பி அடித்தால், ஒரு புகார். பக்கத்தில் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் கூப்பிட்டு உட்கார வைக்கப்படுபவனும் அவன்தான். ஒரு காலத்தில் எடையில் கழித்ததைப் பொறுக்காமல் கத்தி எடுத்தவன், இப்போது அறை வாங்கிக்கொண்டு கையைப் பின்னால் கட்டி நிற்கிறான். ஒரு நடிகர் தன் திறமை முழுவதையும் காட்ட இந்த ஒரு காட்சி போதும். கடைசியில் அவன் கும்பலையே வெட்டிச் சாய்த்தால், நீங்கள் இதையெல்லாம் தூக்கி எறிந்துவிடுகிறீர்கள். அவன் மறுபடி அந்த நடையை நடக்கிறான், அவ்வளவுதான். அதை நான் பரிகாரம் என்று ஏற்கமாட்டேன்.

அப்படியானால் பரிகாரம் எது? இதற்கு விடை தேட அவனுடைய வழக்குக் கட்டைப் புரட்ட வேண்டும். சாட்சிகளின் விசாரணை முடிந்ததும், அதே பழைய குற்றவிசாரணை முறைச் சட்டத்தின் 313-ஆவது பிரிவின்படி நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம், உனக்கு எதிராக இன்னின்ன சாட்சியம் வந்திருக்கிறது, என்ன சொல்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பெரும்பாலும் வரும் பதில்கள் "பொய்", "தெரியாது". வழக்கறிஞர் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார், அப்படி மறுப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையும்கூட. உயர் நீதிமன்ற மேல்முறையீட்டிலும் அதையே சொல்ல வேண்டும். எனவே 14 ஆண்டுகள் உள்ளே இருந்தும், "நான்தான் செய்தேன்" என்று உரக்கச் சொல்லும் சந்தர்ப்பம் அவனுக்கு ஒரு முறைகூட வந்திருக்காது. இறந்தவரின் வீட்டாரும் அவன் வாயிலிருந்து கேட்டது "நான் செய்யவில்லை" என்ற ஒரு வாக்கியத்தைத்தான். என் அனுபவத்தில், தண்டனைக் காலம் போதவில்லை என்று குமுறிய குடும்பங்களைவிட, அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையே என்று குமுறிய குடும்பங்கள்தான் அதிகம்.

கொல்லப்பட்டவரைப் படகர் ஊர்க்காரராக வைத்திருக்கிறீர்கள். அந்தச் சமூகத்தின் இறுதிச் சடங்கு பற்றி நீலகிரியைக் குறித்து எழுதிய 19-ஆம் நூற்றாண்டு ஆசிரியர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்தவரும் அவர் முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்வார். பாம்பைக் கொன்றது, பல்லியைக் கொன்றது, எல்லைக் கல்லை நகர்த்தியது, அண்ணன் தம்பியைப் பிரித்தது என்று பட்டியல் நீளும். கூடியிருப்பவர்கள் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். ஆயிரத்து முந்நூறு பாவம் செய்திருந்தாலும் அத்தனையும் நீங்கட்டும் என்று முடியும். அக்காலத்தில் ஒரு கன்றின்மேல் கைவைத்துப் பாவங்களை இறக்கி, அதை அவிழ்த்து விடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். எடையில் கழித்த அந்த ஏஜெண்டின் பாவங்கள் இப்படி ஊர் நடுவில் சொல்லப்பட்டு இறங்கியிருக்கும். அவரைக் கொன்றவனின் பாவத்தை யாரும், எங்கும், எடுத்துச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை உங்கள் நாயகன் ஒரு நாள் உணர வேண்டும். ஒரு வேண்டுகோள்: இந்தச் சடங்கைப் படமாக்க விரும்பினால் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அலங்காரத்துக்காக எடுத்துப் போடாதீர்கள்.

பணத்தையும் மறக்க வேண்டாம். சிறையில் வேலை செய்து பெறும் ஊதியத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டோருக்கான நிதிக்குப் போகிறது. உச்ச நீதிமன்றம் 1998-இல் சிறை ஊதியம் பற்றிய தீர்ப்பில் இதை வலியுறுத்தியது. அவன் தறியில் உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் அந்தக் குடும்பத்துக்காகவும் சில ரூபாய் சேர்ந்திருக்கிறது. கொடுக்கப் போனால், இது எங்களுக்கு வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கதையில் ஏஜெண்டின் மனைவி, மாமியாருக்குத் தெரியாமல் மகளின் படிப்புக்காக அதை வாங்கியிருந்தால்? அவன் ஊருக்கு வந்ததும் அதிகம் பயப்படப் போவது அந்தப் பெண்தான். உண்மை வெளியே வந்துவிடும் அல்லவா.

வேலைக்கு அவனை எஸ்டேட்டுக்கு அனுப்பாதீர்கள், எடுக்கமாட்டார்கள். கேரட் அறுவடைக்கு அனுப்புங்கள். கேத்தி, முத்தோரை, நஞ்சநாடு பக்கம் நள்ளிரவுக்குப் பிறகு வேன்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பிடுங்கி, கழுவும் இயந்திரத்தில் போட்டு, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றுவார்கள். பனி விழும் மாதங்களில் விரல் மரத்துப் போகும் வேலை. ஆள் தேவை எப்போதும் இருப்பதால் பழைய கதையை யாரும் கிளற மாட்டார்கள். விடிவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பதால் ஊர்க் கண்ணில் படாமலும் இருக்கலாம்.

மரக்கடத்தலைக் கூடலூர்ப் பக்கம் வைத்தால் பொருந்தும். கோத்தகிரியில் இன்றைய பணம் நிலத்தில் இருக்கிறது. சரிவை வெட்டி விடுதி கட்டுவது, அனுமதி இல்லாமல் இரவில் பொக்லைன் ஓட்டுவது. நீலகிரியில் பொக்லைன் இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அதனால்தான் இரவு. 2009 நவம்பரில் பெய்த மழையில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் கொலையும் அதே ஆண்டு என்பதால், அந்த வாரத்திலேயே வையுங்கள். சாலைகள் அடைபட்டு, உடலைப் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோக முடியாமல் கிடந்த ஒரு நாள் அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும்?

சில சிறு விவரங்கள். ஆதார் வருமுன் உள்ளே போனவன், குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவன், ஒரு சிம் கார்டு வாங்கவே திண்டாடுவான். தாய் டிரங்குப் பெட்டியில் அவனுக்காகச் சேர்த்து வைத்த 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பரோடு செல்லாமல் போயிருக்கும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு, எனவே வெளியாள் யாரும் தடயம் இல்லாமல் காரில் மலையேறிவிட முடியாது. இரவில் தப்பி மைசூருக்குப் போவதாக எழுதாதீர்கள், பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். எல்லாக் காட்சியிலும் மூடுபனியைப் போடாதீர்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் தேவாலாவையும் புரட்டி எடுக்கும்போது கோத்தகிரியில் பல நாள் வெயில் இருக்கும். கோத்தகிரிக்கு உண்மையான மழை அக்டோபர், நவம்பரில்தான்.

முடிவுக்கு என் யோசனை இது. இரவில் வெட்டிய சரிவு இடிந்து கூலியாட்கள் சிலர் புதைந்து போகிறார்கள். விடியுமுன் கேரட் வேனுக்காக நின்ற உங்கள் நாயகன், பொக்லைன் யாருடையது, யார் நின்று வேலை வாங்கினார் என்பதைப் பார்த்திருக்கிறான். சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் எதிர்த்தரப்பு அவன் மேல் புகார்களை அடுக்கும், விடுதலையே பறிபோகலாம். அவன் கூண்டில் ஏறுகிறான். சாட்சியின் நம்பகத்தன்மையை உடைக்க அவருடைய பழைய தண்டனையைக் குறுக்கு விசாரணையில் கேட்கலாம், எந்த வழக்கறிஞரும் கேட்காமல் விடமாட்டார். ஏஜெண்டின் தாயும் மனைவியும் நீதிமன்றத்தில் இருக்கட்டும், புதைந்தவர்களில் ஒருவன் அவர்கள் ஊர்க்காரனாக இருக்கட்டும். "நீ ஒருவரை வெட்டிக் கொன்றவன்தானே?" என்று கேட்கிறார்கள். 313-இல் மறுத்தவன், மேல்முறையீட்டில் மறுத்தவன், இப்போது "ஆமாம், நான்தான் கொன்றேன்" என்கிறான். வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்து வந்ததையும் யாரும் கேட்காமலே சொல்கிறான். அந்தத் தாய் மன்னித்ததாக எழுத வேண்டாம். அவர் கேட்டார் என்பது போதும்.

எழுதத் தொடங்குமுன் உதகையில் உள்ள மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் சில நாள் போய் உட்காருங்கள். கொலை வழக்கு விசாரணையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது. கூண்டில் நிற்பவர் ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் கழித்துப் பதில் சொல்கிறார், அதை எழுத்தர் எத்தனை சொற்களில் எழுதிக்கொள்கிறார் என்று கவனியுங்கள். பிறகு உங்கள் நாயகனின் 2009 வழக்குக்கான தீர்ப்பை நீங்களே பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். யார் கண்ணால் பார்த்த சாட்சி, கத்தி எங்கே கைப்பற்றப்பட்டது, 313-இல் அவன் என்ன சொன்னான் என்று எல்லாம் அதில் வரட்டும். திரைக்கதையை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.